பின்வரிசையில் 212

என் அப்பா தாவீது முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களின் சைக்கிள்களைக் காவல் காத்தார். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்திய ஸ்டாண்டு அது. நல்ல நாளில் நானூறு சைக்கிள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணில் இரண்டு தகட்டு டோக்கன்: ஒன்று வண்டியில், இன்னொன்று உரியவர் கையில். 2007 மார்ச்சில், ஐம்பத்தாறு வயதில், வேலைக்கு நடந்து போகும்போது ஏரிக்கரைச் சாலையில் விழுந்து இறந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வேலைக்கு நடந்துதான் போனார். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அப்பாவின் ஊர் கருங்குழிப் பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அவர் இருபத்துநாலு வயதில் செங்கல்பட்டுக்கு வந்தார். வந்த இரண்டாம் நாள் ஸ்டாண்டில் சேர்ந்தார். வேறு வேலை தேடவே இல்லை.

அவருக்கு ஒரு முறை இருந்தது. சைக்கிள்களை டோக்கன் நம்பர் வரிசையில் நிறுத்த மாட்டார். எவர் சாயங்காலம் எந்த ரயிலில் திரும்புவார் என்பதைப் பார்த்து நிறுத்துவார். ஆறு மணி வண்டியில் வருகிறவர்களுடையது வெளிப்பக்கம் நிற்கும், ஒன்பது மணி வண்டிக்காரர்களுடையது சுவரோரம். ரயில் வந்து இருநூறு பேர் ஒன்றாக இறங்கி ஓடி வந்தால், எடுக்க வேண்டியவை எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்காது. சர்ச்சில் யாராவது வந்து கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொன்னால் விழிப்பார். அந்த ஆள் வெளியே போய்த் தன் சைக்கிளில் ஏறியதும், “ஓ, ஏழே காலு வண்டியா” என்பார். பிறகு ஓடிப்போய்ப் பேசுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு மாதத்துக்கு மேல் யாரும் எடுக்காத சைக்கிள்கள் பின்வரிசைக்குப் போகும். குத்தகைக்காரர் அவற்றைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லுவார். அப்பா கேட்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்டாண்டுக்குப் போய் அந்தச் சைக்கிள்களுக்குக் காற்றடிப்பார். “காத்து இல்லாம நின்னா டயரு வெடிச்சிடும். வர்றவன் இன்னா ஓட்டுவான்?” யாரும் வரப்போவதில்லை என்று நான் பலமுறை சொன்னேன். “டோக்கன் அவன்கிட்ட கீது இல்ல?” என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

என்னிடமும் தம்பி ஜோயலிடமும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். “நான் இல்லாதப்போ எவனாவது 212 கொண்டாந்தா கையோட குடுத்துடுங்க. மத்ததக் கேட்டா நாளைக்கி வான்னு சொல்லு. 212க்கு அப்படிச் சொல்லாத.” யார் அந்த 212 என்று கேட்டேன். “தெரியாது. ரயில்ல போறவரு” என்றார்.

அவரிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு, இருபத்திரண்டு இஞ்சு. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அதன் பின் மட்கார்டில் சிவப்புக் கண்ணாடி பொருத்துகிறேன் என்று கைத்துரப்பணத்தால் ஓட்டை போட்டேன். நடுவிலிருந்து எட்டு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிறகு சரியான இடத்தில் இன்னொன்று போட்டேன். தப்பான ஓட்டை வழியாகச் சேறு அடிக்காமலிருக்க அப்பா அதில் ஒரு போல்ட்டும் வாஷரும் போட்டு அடைத்தார்.

1998இல், ஆயுத பூஜை முடிந்த வாரம், அந்தச் சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. நான் அப்போது விடுதியில் தங்கிக் கருவியியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது ஊரே சிரித்து முடித்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் சைக்கிளே திருட்டுப் போயிற்று. டீக்கடையில் ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது: “இன்னா அண்ணாத்த, உன் வண்டிக்கு நீ டோக்கன் வாங்கலியா? என் வண்டிய வுட்டுட்டுப் போறேன், சாயங்காலம் நீயாவது இருப்பியா?” பூஜை நாளில் ஸ்டாண்டில் இருக்கும் சைக்கிளுக்கெல்லாம் சந்தனம் பூசி மாலை கட்டுவது வழக்கம். கிறிஸ்தவரானாலும் அப்பாதான் கட்டுவார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். “ஊர் வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சியே, உன்னோடதுக்கு வெச்சியா? அதான் கோச்சிகினு பூட்ச்சி.”

அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்தார். மறுநாளிலிருந்து நடக்க ஆரம்பித்தார். கொளவாய் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டு வரை மூன்றரைக் கிலோமீட்டர். கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததும், 2001இல், நான் ஒரு புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். “ஜோயலு காலேஜுக்கு எடுத்துகினு போவட்டும். எனக்கு நடந்தாதான் முட்டி நல்லாகீது” என்று அவனிடம் தள்ளிவிட்டார்.

நடந்தால் நாற்பது நிமிஷம். சைக்கிளில் பன்னிரண்டு. அன்று விடியற்காலை அவர் விழுந்த நேரத்துக்கு, சைக்கிளில் போயிருந்தால் ஸ்டாண்டுக்குள் இருந்திருப்பார். அங்கே ஆட்கள் இருப்பார்கள், எதிரே ஆட்டோக்கள் நிற்கும். ஏரிக்கரைச் சாலையில் யாரும் இல்லை. பால் வண்டிக்காரர் பார்ப்பதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டிருந்தது. இந்தக் கணக்கை ஐந்து மாதமாகத் தினமும் போட்டுப் பார்க்கிறேன். விடை மாறுவதில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. கல்பாக்கம் வேலைக்காக நான் குடியிருக்கும் அணுபுரத்திலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். ஆராதனை முடிந்து வந்து சமையலில் இருந்தோம். வாசலில் ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் வட்டமான அலுமினியத் தகடு ஒன்று இருந்தது.

“ஸ்டாண்டுல விசாரிச்சேன். தாவீது அண்ணன் பூட்டாருன்னு சொன்னாங்க. மனசு கேக்கல. இத குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

தகட்டைப் பார்த்தேன். 212.

அவர் பெயர் செங்கல்வராயன். கருங்குழிக்காரர்; அப்போது செங்கல்பட்டில் குடியிருந்தார். கட்டட வேலைக்காரர். 1998இல் ஒரு நாள் காலையில் சைக்கிளை விட்டுவிட்டுத் தாம்பரத்துக்கு ரயில் ஏறியிருக்கிறார். தாம்பரத்தில் மேஸ்திரி ஒருவர் குஜராத்தில் துறைமுக வேலை, இரண்டே வாரம், இப்போதே கிளம்பு என்றிருக்கிறார். இவரும் கிளம்பிவிட்டார். இரண்டு வாரம் ஒன்பது வருஷமாகிவிட்டது. பிறகு பெண்டாட்டி பிள்ளையையும் அங்கே அழைத்துக்கொண்டார். இப்போதுதான் ஊரில் வீடு கட்டத் திரும்பியிருக்கிறார். டோக்கன் அவர் பர்ஸிலேயே இருந்திருக்கிறது.

“வண்டி இருக்குங்க. இன்னைக்கே எடுத்துக்கலாம்” என்றேன்.

“அட, அது இன்னா வண்டிமா. இருந்தா இருக்கட்டும். டோக்கன குடுத்துட்டா என் கடன் தீந்துடும்.”

“அப்படி இல்ல. அப்பா உங்களுக்காக வச்சிருந்தார். கையோட குடுக்கணும்னு சொல்லியிருந்தார்.”

அப்பாவுக்குப் பிறகு ஸ்டாண்டில் கணக்கு முடித்தவன் ஜோயல்; அவனுக்குப் போன் செய்தேன். அவன் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் மேற்பார்வையாளர். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

“பின்வரிசை வண்டியெல்லாம் எங்கடா?”

“அதுவா. குடுத்துட்டேன்க்கா.”

“யாருக்கு?”

“விஷால்னு ஒருத்தரு, மெட்ராஸ்காரரு, ஆர்ட்டிஸ்டு. மகாபலிபுரத்துல சைக்கிள் எக்சிபிஷனாம். பதினொண்ணையும் வண்டி வெச்சி எடுத்துகினு போனாரு.”

“212?”

“அதுவும் போச்சு.”

“அப்பா என்ன சொல்லியிருந்தார்?”

“அதுக்கு நான் இன்னாக்கா பண்றது? குத்தகைக்காரு லாரிய வெச்சிகினு நின்னாரு, இரும்புக்குப் போடறேன்னு. இது தேவலன்னு குடுத்தேன். அங்க போனா நாலு பேரு பாப்பாங்க இல்ல.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் போனைக் கோபமாக வைத்தேன்.

செங்கல்வராயன் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்கத் தன் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மகள் அப்போது கைக்குழந்தை. பாரின் மேல் குழந்தைக்கு ஒரு சின்ன சீட்டு மாட்டியிருந்தாராம். தினமும் காலையில் அவளை உட்கார வைத்துத் தெருமுனை வரை ஒரு சுற்று அழைத்துப் போய்விட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாராம். “அந்த சீட்டு இறுக்கின தழும்பு ரெண்டு பார்ல இருக்கும். விரல வெச்சா தெரியும். அவளுக்குக் காட்டணும். இப்ப அஞ்சாங் கிளாஸு படிக்கிறா, சொன்னா நம்ப மாட்டேங்கறா.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கும் அந்தச் சைக்கிள் வேண்டியிருந்தது.

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெரு ஒன்றின் கடைசியில், பழைய கிடங்கொன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். வாசலில் ‘மிதி: சைக்கிளும் நாமும்’ என்று பதாகை. உள்ளே குளிர்சாதனம். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எதற்கு என்று தெரியவில்லை. தரை முழுக்க மணல் கொட்டி, அதன் மேல் டயர்த் தடம் பதித்திருந்தார்கள். அதை மிதிக்கக் கூடாது என்று காவலாளி கத்தினார். வேறு எங்கே நடப்பது என்று கேட்டேன். சுவரோரமாக ஒற்றையடி இடம் காட்டினார்.

சுவரோரமாகவே போனோம். மீன்காரர் ஒருவரின் சைக்கிள், கூடையோடு. கூடையில் பிளாஸ்டிக் மீன். அடுத்து, கல்லில் செதுக்கிய சைக்கிள் செயின். உள்ளூர்ச் சிற்பிகள் யாரோ ஒரே கல்லில் கண்ணி கண்ணியாகச் செதுக்கியிருந்தார்கள். உண்மையிலேயே அருமையான வேலை. ஆனால் பக்கத்தில் வைத்திருந்த கல் பல்சக்கரத்தின் பல்லிடைவெளிக்கும் செயினுக்கும் பொருந்தவில்லை. கண்ணால் பார்த்தாலே இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அதற்குப் பக்கத்தில் ஒரு பீடம். அதன் மேல் காற்றடிக்கிற பம்பு ஒன்று நிறுத்தி, ‘மூச்சு’ என்று பெயர் எழுதியிருந்தது. செங்கல்வராயன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். “இது நம்ம பம்பு மாதிரியே கீது” என்றார். பம்புதான் என்றேன்.

கடைசி அறையில் பதினொரு சைக்கிள்கள் இருந்தன. எல்லாம் தலைகீழாக. சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில், சக்கரங்கள் மேலே. எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்ட். டயர், செயின், பெடல், வால்வு எதையும் விடவில்லை. சுவரில் பலகை: ‘திரும்பாதவர்கள். 11 சைக்கிள்கள். செங்கல்பட்டு ஸ்டாண்டில் கைவிடப்பட்டவை.’

விஷால் அங்கேயே இருந்தார். முப்பது வயது, கதர் ஜிப்பா, நல்ல பேச்சு. நான் யார் என்று சொன்னதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க ஃபாதருக்குத்தான் மேடம் இந்த வொர்க்கே டெடிகேட் பண்ணியிருக்கேன்.”

“எங்கே?”

“பலகையில இல்ல. மனசுல.”

“ஏன் தலைகீழா வச்சிருக்கீங்க?”

“காத்திருப்பு ஒரு மனுஷனைத் தலைகீழாக்கிடும். அந்த ஐடியா.”

“பஞ்சர் ஒட்டறதுக்குத்தான் இப்படி வைப்பாங்க.”

“அப்படியும் பார்க்கலாம்” என்றார் சந்தோஷமாக. அவரைக் கோபப்படுத்த முடியவில்லை.

செங்கல்வராயனைக் காட்டி, இவர் திரும்பிவிட்டார், 212ஐ எடுத்துப்போக வந்திருக்கிறார் என்றேன். விஷால் காமிராவை எடுத்தார். “ஐயா, அப்படியே நடுவுல நில்லுங்க. டோக்கன் கை மட்டும் மேல.” செங்கல்வராயன் நின்றார். “சிரிக்கணுமா?” என்று கேட்டார். “வேணாம், வேணாம். சோகமா இருங்க.” “எதுக்கு சோகம், வண்டி கெடைக்கப் போவுது” என்றார் அவர்.

“எது 212?” என்று கேட்டேன்.

விஷால் சுவரைக் காட்டினார். ஹேண்டில்பாரில் கம்பி போட்டுக் கட்டியிருந்த பதினொரு டோக்கன்களையும் கழற்றி, ஒரே கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் கிணுகிணுவென்று ஆடின.

“டோக்கனையும் வண்டியையும் பிரிச்சிட்டீங்களா?”

“சவுண்ட் எலிமென்ட் மேடம்.”

முப்பத்திரண்டு வருஷம் ஒரு மனிதர் வேறு வேலை இல்லாமல் செய்த காரியம், அந்த இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொண்டது. ஐந்து மாதத்தில் ஓசைக்காகப் பிரித்துவிட்டார்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன். “பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?”

எடுத்திருந்தார். மடிக்கணினியில் காட்டினார். ஸ்டாண்டின் பின்வரிசை. கறுப்புச் சைக்கிள்கள். இடமிருந்து ஏழாவதன் ஹேண்டில்பாரில் 212. இங்கேயும் அதே வரிசையில்தான் வைத்தேன் என்றார். முதல்முறையாக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஏழாவது சைக்கிளை நானும் விஷாலும் தூக்கி நிமிர்த்தினோம். செங்கல்வராயன் பாரின் மேல் கட்டைவிரலை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை இழுத்தார். திரும்பப் பின்னாலிருந்து முன்னால். அடிப்பக்கமும் தடவினார்.

“இது என்னுது இல்லமா.”

“போட்டோவுல 212 இதுலதான் கட்டியிருக்கு.”

“இருக்கலாம். தழும்பு இல்லியே.”

“பெயின்ட் அடிச்சிருக்காங்க.”

“பெயின்ட் அடிச்சா குழி ரொம்பிடுமா? இரும்பே நசுங்கியிருந்தது.” மற்ற பத்துச் சைக்கிள்களின் பாரையும் தடவிப் பார்த்தார். எதிலும் இல்லை. “வுடுமா. ஒம்பது வருசம். எங்கயோ மாறிப் பூட்டிருக்கும். நானும் பூஜை மாலைய கூட அவுக்காம வுட்டுட்டுப் போனேன். எல்லா வண்டியும் அன்னிக்கி மாப்பிள்ளை மாதிரி ஒரே மாதிரி நின்னுகினு இருந்துச்சி. டோக்கனே மாலைக்குள்ள மறைஞ்சி போச்சி.”

மாறாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவிடம் எந்தச் சைக்கிளும் மாறியதில்லை. மாறியிருந்தால் எனக்குத் தெரியும்.

பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை மட்கார்டின் முனையில் இருந்தது. பெயின்டுக்கு அடியில் ஒரு போல்ட் தலை. அதன் கீழே வாஷர். பக்கத்தில், வலப்புறம், கண்ணாடி போய்விட்ட வெறும் ஓட்டை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். தேவையில்லைதான். இருந்தாலும் வைத்துப் பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர்.

அப்பாவின் சைக்கிள் திருட்டுப் போகவே இல்லை.

பூஜை வாரத்தில் போனது செங்கல்வராயனின் சைக்கிள். மாலைக்குள் டோக்கன் மறைந்திருந்த ஒரு சாயங்காலம், கூட்டத்தில் வேறு யாரோ அதை எடுத்துப் போயிருக்க வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ. அப்பா தன் சைக்கிளைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தி, அங்கே கழன்று கிடந்திருக்கும் 212ஐக் கட்டிவிட்டார். டோக்கனோடு வருகிறவருக்குக் கொடுக்க ஒரு சைக்கிள் இருக்க வேண்டும். தன்னுடையது எங்கே என்று கேட்டவர்களிடம் திருட்டுப் போயிற்று என்றார். ஊர் சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார்.

இதுவரை எனக்குப் புரிந்தது. இதற்குமேல்தான் கோபம் வந்தது. சைக்கிளுக்கு உரியவர் அன்று வரவில்லை, அந்த மாதம் வரவில்லை, அந்த வருஷம் வரவில்லை. எடுத்து ஓட்டியிருக்கலாம். காலையில் அதில் வந்து, பின்வரிசையில் நிறுத்தி, சாயங்காலம் அதிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். யார் கேட்பார்கள்? மாட்டார். அது இப்போது 212. ஸ்டாண்டில் விட்ட சைக்கிளை ஸ்டாண்டுக்காரன் ஓட்டக் கூடாது. ஆகவே தன் சைக்கிளுக்குத் தானே ஞாயிறு தவறாமல் காற்றடித்துவிட்டு, எட்டரை வருஷம் மூன்றரைக் கிலோமீட்டர் நடந்தார். போகும்போதும் வரும்போதும். அப்படி நடக்கும்போதுதான் செத்தும்போனார். அவர் எதிரே இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

“இன்னாமா, ஒரு மாதிரி ஆயிட்டே?” என்றார் செங்கல்வராயன்.

உண்மையைச் சொல்லி, என் அப்பாவின் சைக்கிளை நான் எடுத்துப் போகலாம். அவர் சந்தோஷமாகவே விட்டுவிடுவார். அணுபுரத்தில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறது. அங்கே நின்றால் தினமும் தொட்டுப் பார்க்கலாம். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போது கையில் தெரிந்தது. பிடியை விட முடியவில்லை.

என் வேலை அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது. கருவி காட்டாத எண்ணை ஒருநாளும் எழுதியதில்லை.

“இதுதாங்க உங்க வண்டி. அப்பா பார்ல இருந்த நசுங்கலைத் தட்டிச் சரி பண்ணியிருப்பார். சும்மா நிக்கற வண்டியிலயும் ஏதாவது பண்ணிட்டே இருப்பார்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையை, அதிலிருந்த ஸ்கேலை, மட்கார்டைப் பார்த்தார்.

“உன் நைனா அப்பல்லாம் ஒரு வண்டில வருவாரு இல்ல?”

“ஆமாம்.”

“அது இன்னா ஆச்சி?”

“திருட்டுப் போச்சு.”

“எப்போ?”

“நீங்க குஜராத்துக்குப் போன வாரம்.”

விஷால் ஏதோ கேட்க வந்தார். செங்கல்வராயன் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி பாரின் மேல் கட்டைவிரலை வைத்தார். இந்தமுறை இழுக்கவில்லை. ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமா. இங்க லேசா தெரியுது. கண்ணுக்குத் தெரியல, கைக்குத் தெரியுது” என்றார். “என்னுதுதான்.”

டோக்கனை என்னிடம் நீட்டினார். ஸ்டாண்டில் வழக்கம் அதுதான். முதலில் டோக்கன், பிறகு வண்டி. வாங்கிக்கொண்டு ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தேன்.

“முப்பதாம் தேதி வரைக்கும் எக்சிபிஷன் இருக்கு மேடம். உங்க பிரதர் ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கார்” என்றார் விஷால்.

“அவன் வண்டி இல்ல அது. கையெழுத்துப் போட அவன் யாரு? டோக்கன் இருக்கறவருக்குத்தான் வண்டி.”

“ஒரு வண்டி குறைஞ்சா காம்போசிஷன்…”

“காத்தடிக்க பம்பு எங்கே?”

இல்லை. இத்தனை சைக்கிள்கள் இருந்த அந்தக் கட்டடத்தில் ஒரு பம்பு இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மணலில் டயர்த் தடம் விழுந்தது. காவலாளி ஓடி வந்தார். ‘மூச்சு’ என்ற பம்பைப் பீடத்திலிருந்து இழுத்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். செங்கல்வராயன் பீடத்தைப் பிடித்துக்கொள்ள, இரண்டாம் இழுப்பில் வந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்.

வால்வில் உறைந்திருந்த பெயின்டை நகத்தால் சுரண்டி எடுத்து, காற்றடித்தேன். ஒன்பது வருஷ ட்யூப் தாங்காது என்று நினைத்தேன். தாங்கியது. விஷால் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்ல வேண்டும். படம் எடுக்கவில்லை.

“எப்படிப் போவீங்க?” என்று செங்கல்வராயனைக் கேட்டேன்.

“திருக்கழுக்குன்றத்துல மச்சினி வூடு கீது. அங்க ராத்திரி தங்கிட்டு காலைல கருங்குழி. மெதுவா மிதிச்சா ஆச்சி.” தெருவில் சைக்கிளை இறக்கினார். ஏறுவதற்கு முன் திரும்பினார். “என் பொண்ணு தழும்ப கேப்பா. இன்னா சொல்லட்டும்?”

“தெரியலீங்க.”

“நான் பாத்துக்கறேன்” என்று ஏறி மிதித்தார். செயினிலிருந்து பெயின்ட் உதிர்ந்து வெள்ளைப் பொட்டுகளாகச் சாலையில் விழுந்துகொண்டு போயிற்று. பின் மட்கார்டில் போல்ட் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. பஸ் ஒன்று குறுக்கே வந்ததும் மறைந்தது.

உள்ளே வந்தேன். விஷால் ஏழாவது இடத்தில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற சைக்கிள்களை நகர்த்தி அதை அடைக்கலாமா என்று கேட்டார்.

“வேணாம். அடுத்தவங்க வந்தா இடம் மாறிடும்.”

சுவரிலிருந்த கயிற்றில் இன்னும் பதினொரு டோக்கன்கள் ஆடிக்கொண்டிருந்தன. 212இன் ஜோடியைக் கழற்றிக் கையிலிருந்ததோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். மீதிப் பத்தையும் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அந்தந்தச் சைக்கிளில் கட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. விஷால் கம்பி வெட்டிக் கொடுத்தார்.

கிளம்பும்போது சுவரிலிருந்த பலகையைக் காட்டினேன்.

“இதுல ரெண்டு தப்பு இருக்கு. பதினொண்ணு இல்ல, பத்து. அப்புறம், கைவிடப்பட்டவைன்னு இருக்கு. அது தப்பு. போன மார்ச் வரைக்கும் வாராவாரம் காத்தடிச்சிருக்கு.”

“அப்போ என்ன எழுதட்டும் மேடம்?”

“டோக்கன் கொண்டுவந்தால் கொடுக்கப்படும்னு எழுதுங்க” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தேன். வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். “அந்த மனுஷன் இருந்து பாத்திருக்கலாம்” என்றார் அம்மா. பிறகு, வழக்கம்போல, “தன் வண்டிய பாத்துக்கத் துப்பில்ல, ஊரான் வண்டிக்குக் காவலு” என்றார்.

ஆமாம் என்றேன்.